எதில் 32? எதில் 64? கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்!

கடைக்காரர் ஒருவருடன் நான் சண்டை போட்டேன்.

சாதாரணச் சண்டை அல்ல. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்த சண்டை!

"ஏமாற்றுக்காரன்" என்று கத்தினேன். "போலீசுக்குப் போவேன்" என்றும் மிரட்டினேன்.

கடைசியில், தப்பு என் பேரில்தான் என்று தெரிந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

அந்த வெட்கக்கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். என் மானம் போனது போகட்டும். உங்கள் மானமும் பணமும் போகாமல் இருக்கட்டும்!

நடந்தது என்ன?

என் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். "அப்பா, எனக்கு ஒரு லேப்டாப் வேண்டும்" என்றாள்.

புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு சிறிய கடை இருக்கிறது. பழைய லேப்டாப்புகளை வாங்கிச் சரி செய்து விற்கிறார்கள். ஓர் இளைஞர் நடத்துகிறார். அங்கே போனோம்.

"தம்பி, இது 64 பிட்தானே? கல்லூரியில் 64 பிட்தான் வேண்டும் என்று சொல்லி இருக்கிறார்கள்" என்று கேட்டேன்.

"ஆமாம் ஐயா. 64 பிட்தான்" என்றார் அவர். பில்லிலும் எழுதிக் கொடுத்தார்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் என் தங்கை மகன் வந்தான். எதைக் கண்டாலும் நோண்டிப் பார்க்கும் பையன். லேப்டாப்பைத் திறந்து, அங்கே தட்டினான், இங்கே தட்டினான். திடீரென்று "மாமா! உங்களை ஏமாற்றிவிட்டார்கள்!" என்று கூவினான்.

எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பட்டியல் இருந்தது. "1366-க்கு 768, ட்ரூ கலர், 32 பிட்" என்று போட்டிருந்தது.

கேட்டது 64. இருப்பது 32. பாதிக்குப் பாதி!

எனக்கு ரத்தம் கொதித்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடை வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். அப்போது கடைக்குள் இரண்டு பேர் சாமான் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் போட்ட கூச்சலைக் கேட்டதும், எடுத்ததை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த இளைஞர் கோபப்படவில்லை. "ஐயா, உட்காருங்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள்" என்றார். பிறகு சொன்னார்:

"நீங்கள் பார்த்த 32, நிறத்தின் கணக்கு. நான் எழுதிக் கொடுத்த 64, விண்டோஸின் கணக்கு. இரண்டும் வேறு வேறு."

நான் நம்பவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். விளக்க விளக்க, என் முகம் சிறுத்துப் போயிற்று.

40-ம் நம்பர் பனியன்

அவர் சொன்ன முதல் உதாரணத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ஐயா, 40-ம் நம்பர் நூலில் பனியன் நெய்கிறார்கள். 40 சைஸ் பனியனும் விற்கிறார்கள். இரண்டும் 40தான். ஒன்றா?"

அது எப்படி ஒன்றாகும்? ஒன்று நூலின் மென்மையைச் சொல்கிறது. இன்னொன்று மார்பின் சுற்றளவைச் சொல்கிறது. 40-ம் நம்பர் நூலில் 32 சைஸ் பனியனும் நெய்யலாம். சைஸ் 32 என்பதால் "நூல் மட்டம்" என்று யாராவது கடைக்காரர் சட்டையைப் பிடிப்பார்களா?

நான் பிடித்தேன்!

பிட் என்றால் என்ன?

உங்கள் வீட்டு லைட் சுவிட்சைப் பாருங்கள். போட்டால் எரியும். அணைத்தால் அணையும். இரண்டே நிலைதான்.

அதுதான் ஒரு பிட்.

கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பதெல்லாம் இப்படிப்பட்ட சுவிட்சுகள்தான். ஒரு நிலைக்கு 0 என்று பெயர். மற்றதற்கு 1 என்று பெயர். அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1948-ம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இந்த "பிட்" என்ற சொல் வருகிறது. சொல்லை உண்டாக்கியவர் ஜான் டுக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டு இருக்கிறார்.

ஒரு சுவிட்ச் இருந்தால் 2 நிலை. இரண்டு சுவிட்ச் இருந்தால் 4 நிலை. மூன்று இருந்தால் 8. ஒவ்வொரு சுவிட்ச் கூடும்போதும் கணக்கு இரட்டிப்பாகும்.

8 சுவிட்சுக்கு 256 நிலை. 16 சுவிட்சுக்கு 65,536 நிலை. 32 சுவிட்சுக்கு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 நிலை!

ஆகவே, பிட் என்பது வெறும் அளவு. படி, முழம் மாதிரி. "எட்டு முழம்" என்று மட்டும் சொன்னால் போதுமா? எட்டு முழம் வேட்டியா, எட்டு முழம் கயிறா என்று கேட்க மாட்டோமா? பிட்டுக்கும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

எதில் 32? எதில் 64?

இதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது.

நிறத்தின் பிட்

உங்கள் செல்போன் திரையில் ஒரு சிறு துளி தண்ணீர் வையுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரியும். தண்ணீர்த் துளி பூதக்கண்ணாடியாக வேலை செய்கிறது.

திரையில் நீங்கள் காணும் எல்லா நிறமும் இந்த மூன்று விளக்குகளின் கலவைதான். மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் மஞ்சள்.

ஒவ்வொரு விளக்குக்கும் 8 பிட் கொடுத்து இருக்கிறார்கள். அதாவது, ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டலாம், குறைக்கலாம். மூன்று விளக்குக்கும் சேர்த்து 24 பிட். 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள் கிடைக்கும்.

"அப்படியானால் 24 என்றுதானே போட வேண்டும்? 32 எங்கிருந்து வந்தது?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

இட்லித் தட்டில் நான்கு குழி இருக்கிறது. மாவு மூன்று குழிக்குத்தான் இருக்கிறது. நான்காவது குழி காலியாக இருக்கும். அதற்காகத் தட்டை வெட்டிவிடுவோமா? கம்ப்யூட்டருக்கு எதையும் நான்கு நான்காக எடுத்து வைப்பது சுலபம். அதனால் நிறத்துக்கு 24 பிட், கூடவே 8 பிட் இடம். ஆக 32. அந்த 8 பிட்டைச் சும்மா விடுவதும் உண்டு. ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்று குறித்து வைப்பதும் உண்டு.

ஆகவே, 24 பிட் நிறமும் 32 பிட் நிறமும் கண்ணுக்கு ஒன்றே. சாதாரணத் திரைக்கு 32 பிட் நிறம் நிறைவான அளவு. அதைக் கண்டு பதற வேண்டியதே இல்லை.

முன்பு 16 பிட் நிறமும் புழக்கத்தில் இருந்தது. அதில் 65,536 நிறங்கள்தான். மாலை வானத்தின் படம் போட்டால், நிறம் வழுவழுவென்று மாறாது. பட்டை பட்டையாகத் தெரியும்.

கம்ப்யூட்டரின் பிட்

இப்போது 64-க்கு வருவோம்.

ஒரு தெரு இருக்கிறது. வீட்டு எண் எழுத இரண்டு இலக்கம்தான் அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 00 முதல் 99 வரை 100 வீட்டுக்குத்தான் எண் போட முடியும். தெருவில் 500 வீடு இருந்தாலும், மீதி 400 வீட்டுக்குத் தபால் போகாது. வீடு இருக்கும். விலாசம் இருக்காது!

கம்ப்யூட்டரின் நினைவகமும் இப்படி ஒரு தெருதான். அதில் கோடிக்கணக்கான அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். 32 பிட்டில் எண் எழுதினால் 429 கோடி அறைகளுக்குத்தான் விலாசம் கிடைக்கும். அதைத்தான் 4 ஜி.பி. என்கிறோம்.

அதனால்தான் சாதாரண 32 பிட் விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. நினைவகம் மாட்டினாலும் பயன் இல்லை. 4 ஜி.பி.க்கு உள்ளேதான் ஓடும். மீதி பூட்டிய வீடு!

64 பிட் என்றால் இரண்டு மடங்கா? அதுதான் இல்லை!

அம்பலப்புழைக் கதை கேட்டிருப்பீர்கள். ராஜா சதுரங்கத்தில் தோற்றார். "முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாம் கட்டத்துக்கு நான்கு... இப்படியே 64 கட்டத்துக்கும் கொடு" என்று கேட்டார் மாறுவேடத்தில் வந்த கிருஷ்ணன். ராஜா சிரித்தார். அளக்க ஆரம்பித்ததும் களஞ்சியம் காலி!

அந்தப் பலகையில் முதல் 32 கட்டம் வரை கூட்டினால் சுமார் 429 கோடி மணி. ஒரு மணி 20 மில்லிகிராம் என்று வைத்தால் 86 டன் வரும். சில லாரிகளில் ஏற்றிவிடலாம். அதுதான் 32 பிட். 64 கட்டமும் நிரப்ப வேண்டுமானால் உலகம் முழுவதும் பல நூறு ஆண்டுகள் விளைவிக்க வேண்டும். அதுதான் 64 பிட்!

பாதிப் பலகைக்கும் முழுப் பலகைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல. 429 கோடி மடங்கு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரத்தின் மூளையான பிராசசர் 64 பிட்டாக இருக்கலாம். அதன் மேல் போட்ட விண்டோஸ் 32 பிட்டாக இருக்கலாம். அப்போது இயந்திரத்தை மாற்ற வேண்டாம். விண்டோஸை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். ஆனால் பிராசசரே 32 பிட் என்றால் 64 பிட் விண்டோஸ் அதில் ஏறாது.

ஓர் அக்கா ஏமாந்த கதை

நான் தெரியாமல் சண்டை போட்டேன். எங்கள் தெருவில் தையல் தைக்கும் ஓர் அக்கா, தெரியாமல் ஏமாந்தார்.

அவர் வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப் உண்டு. மகன் படிப்புக்கு ஏதோ ஒரு புரோகிராம் ஏற்ற வேண்டும் என்று, வேறு ஒரு கடைக்குக் கொண்டு போனார். நான் பார்த்த அதே நிறப் பட்டியலை அந்தக் கடைக்காரர் திறந்து காட்டினார்.

"பாருங்கள் அக்கா, 32 பிட். இது கிழடு. இனி எதுவும் ஓடாது. என்னிடம் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அக்கா கம்மலை அடகு வைத்தார். வேறு லேப்டாப் வாங்கினார். பழையதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒருநாள், பழைய லேப்டாப்பை வாங்கிய பில் கையில் கிடைத்தது. அதில் 64 பிட் விண்டோஸ் என்று தெளிவாக எழுதி இருந்தது!

அந்தக் கடைக்காரர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? கடவுளுக்கே வெளிச்சம். எப்படி இருந்தால் என்ன? கம்மல் போனது போனதுதான்.

பாருங்கள், ஒரே சொல். ஒரே எண். நல்லவரை நான் திட்டினேன். அக்கா பணத்தை இழந்தார். அறியாமை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி!

நீங்களே பார்க்கலாம்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், "செட்டிங்ஸ்" திறவுங்கள். "சிஸ்டம்" என்பதற்குள் போங்கள். கடைசியில் "அபவுட்" என்று இருக்கும். அதற்குள் "சிஸ்டம் டைப்" என்ற வரியைப் பாருங்கள். விண்டோஸ் எத்தனை பிட், பிராசசர் எந்த வகை என்று இரண்டும் அங்கே இருக்கும்.

"டிஸ்பிளே" என்ற இடத்தில் காணும் பிட் எல்லாம் நிறக் கணக்கு. அங்கே "8 பிட்" என்று இருந்தாலும் பயப்படாதீர்கள். அது ஒரு விளக்குக்கு 8. மூன்று விளக்குக்கு 24. முன்பு பார்த்த அதே 1 கோடியே 67 லட்சம் நிறம்தான்!

டி.வி. விளம்பரத்தில் "10 பிட்" என்று வருவதும் இப்படித்தான். ஒரு விளக்குக்கு 1,024 படி. மொத்தம் 107 கோடி நிறத்துக்கு மேல். 10 பிட் டி.வி., 32 பிட் கம்ப்யூட்டரை விட மட்டம் என்று நினைத்தால் கணக்கு தப்பு.

இன்டர்நெட்டிலும் இந்தப் பிட் வருகிறது. "100 மெகாபிட் வேகம்" என்பார்கள். 100 எம்.பி. படம் ஒரு நொடியில் இறங்காது. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 எம்.பி.தான். அதுவும் முழு வேகம் கிடைத்தால்!

இதெல்லாம் நமக்கு எதற்கு?

"படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். பிட்டும் பைட்டும் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

சரியான கேள்விதான். படம் பார்க்க இது வேண்டாம். பணம் கொடுக்கும்போது வேண்டும்.

32 பிட்டின் காலம் முடிந்து வருகிறது. ஐபோனில் 2017-ல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் 32 பிட் புரோகிராம்கள் ஓடுவது இல்லை. ஆப்பிள் கம்ப்யூட்டரில் 2019-ல் நிறுத்திவிட்டார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் வடிவமே கிடையாது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்தது.

ஆகவே வீடு வீடாகப் பழைய கம்ப்யூட்டரை மாற்றும் காலம் இது. கடைகளில் 32, 64 என்ற பேச்சுத்தான் அடிபடுகிறது. தெரியாதவர்கள் ஏமாறும் காலமும் இதுதான்.

64 பிட்டாக இருந்தால் மட்டும் விண்டோஸ் 11 ஏறிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். அதற்கு வேறு தகுதிகளும் உண்டு. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் யோசனை

அரிசிக் கடைத் தராசுக்கு அரசாங்கம் முத்திரை போடுகிறது. ஏன்? வாங்குகிறவருக்கு எடை பார்க்கத் தெரியாவிட்டாலும் ஏமாறக்கூடாது என்பதற்காக.

கம்ப்யூட்டருக்கும் அந்த நேர்மை வேண்டும். விற்பனைச் சீட்டில் மூன்று வரி தமிழில் எழுதட்டும்:

பிராசசர் எத்தனை பிட்.

விண்டோஸ் எத்தனை பிட்.

திரையின் நிறம் எத்தனை பிட்.

மூன்று வரிதான். ஒரு நிமிட வேலை. நேர்மையான கடைக்காரருக்கு இது பாதுகாப்பு. என்னைப் போன்ற முன்கோபிகளிடம் இருந்து அவர் தப்பிக்கலாம். அக்காவைப் போன்றவர்களின் கம்மலும் தப்பிக்கும்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011-ல் மாணவர்களுக்கு விலை இல்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் மூலம் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கருவி வந்தால் போதாது. அதன் மேல் எழுதி இருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவும் கூட வர வேண்டும்.

மூன்றாவது, நாம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். "இது கூடத் தெரியாதா?" என்று சிரிப்பார்களோ என்று பயந்துதான் பலர் வாய் திறப்பது இல்லை. தெரியாததைக் கேட்பது அவமானம் அல்ல. தெரியாமல் கத்துவதுதான் அவமானம். அனுபவத்தில் சொல்கிறேன்!

மன்னிப்பு

அன்று மாலையே மகளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். நாலு பேர் கேட்கத் திட்டினேன் அல்லவா? நாலு பேர் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன்.

"தம்பி, நான் சொன்னது தப்பு. நீங்கள் கொடுத்தது சரியான சாமான்" என்றேன்.

அவர் சிரித்தார். "பரவாயில்லை ஐயா. எனக்கே முதலில் குழப்பமாகத்தான் இருந்தது" என்றார்.

அவர் மன்னித்துவிட்டார். ஆனால் என் கூச்சலைக் கேட்டுவிட்டு வாங்காமல் போன அந்த இரண்டு பேர்? அவர்கள் யாரோ, எந்த ஊரோ! "அந்தக் கடையில் ஏமாற்றுகிறார்கள்" என்று இன்றைக்கும் எங்கேயாவது சொல்லிக்கொண்டு இருப்பார்கள். அவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஆகவே, உங்களுக்கு ஒரு வார்த்தை.

யாராவது 32 என்று பயமுறுத்தினாலும், 64 என்று ஆசை காட்டினாலும், உடனே மயங்கிவிடாதீர்கள். உடனே கோபப்பட்டும் விடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"எதில்?"

பதில் வந்த பிறகு பணப்பையைத் திறவுங்கள். வாயையும் திறவுங்கள்!